நம்ம பொண்ணுக்கு எதற்குப் படிவம்?

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதை வாடகைக்கு விடுவதும், வந்தவர்களை உருட்டி மிரட்டி வைப்பதும் என் இலாகா. என் கணவர் அதில் தலையிடுவதில்லை. நான் விடுவதுமில்லை.

முதலில் ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து வந்த கல்லூரி மாணவர் அங்கே இருந்தார். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால், வீட்டுக்காரர்தான் ஒரே நாளுக்குள் ஆன்லைனில் படிவம் நிரப்பி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் விஷயத்தில் கவர்மென்ட் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அவர் காலி செய்ததும் இலங்கையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நர்சிங் மேற்படிப்பு, கடைசி வருடம். கேட்டில் நின்று தமிழில் "அக்கா" என்றாள். அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன்.

என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் கர்நாடகத்தில்தான். கன்னடத்தில் சண்டை போடுமளவுக்கு நான் இந்த ஊர்க்காரி. ஆனாலும் யாராவது 'உங்களுக்கு எந்த ஊர்?' என்று கேட்டால் இன்றும் சுருக்கென்று குத்தும். அந்தக் கேள்வியை இந்தப் பெண்ணிடம் கேட்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

வந்த வாரமே அவள் படிவத்தைப் பற்றி விசாரித்தாள். "நீ என்னம்மா வெளிநாட்டுக்காரியா? நம்ம பொண்ணு. உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சிரித்து, ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டாள். அதே பதில், அதே குழம்பு. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு காலையில் முகம் வெளுத்துப்போய் படியிறங்கி வந்தாள். விசாவை நீட்டிக்க விண்ணப்பித்திருக்கிறாள். தங்கியிருக்கும் இடம் பதிவில் இல்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசா முடிய இன்னும் பதினாறு நாள்தான். பரீட்சையோ அதற்குப் பிறகு. நீட்டிப்பு வராவிட்டால் எழுதாமலே ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எனக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் அரசாங்கத்தின் மேல். நம்ம தமிழ்ப் பொண்ணை இப்படியா அலைக்கழிப்பது என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, உங்கட பாசம் எனக்கு விளங்குது. ஆனா கடதாசியில நான் இந்த வீட்டிலேயே இல்லையே. எனக்கு ஏதும் நடந்தா, நான் எங்க இருந்தனான் எண்டு அம்மாட்ட ஆர் சொல்லுறது?"

சந்தேகப்படும் ஆட்களுக்குத்தான் படிவம் என்பது என் கணக்கு. அவளோ, யுத்தத்தில் காணாமல் போன மாமாவின் பெயரைப் பட்டியல் பட்டியலாகத் தேடிய வீட்டில் வளர்ந்தவள்.

மறுநாள் இருவரும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் முறை வரும்வரை அவள் ஃபைலின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். அதிகாரி அம்மா ஏன் பதியவில்லை என்று கேட்டார். "நம்ம ஹுடுகி மேடம்" என்று கன்னடத்தில் குழைந்தேன். நம்ம பொண்ணு என்று எந்த பாஷையில் சொன்னாலும் வேலை நடந்துவிடும் என்ற நினைப்பு. விதி தெரியாது என்றும் ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். பழைய மாணவரை வந்த அன்றே நான் பதிந்திருந்தது அதில் இருந்தது. அவரைப் பதியத் தெரிந்த உங்களுக்கு இவரைப் பதியத் தெரியாதா என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. என் பொய்க்கும் சேர்த்து அவளைத் தண்டித்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

தாமதமாகப் பதிந்து, காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'என் பாஷை பேசியதால் தேவையில்லை என்று நினைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதைப் படித்துப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று மாலை படிவத்தை நிரப்பினேன். எந்த நாடு என்ற இடத்தில் விரல் தயங்கியது. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு முடிந்ததும், "இப்பதான் அக்கா நான் உங்கட வீட்டுக்கு வந்திருக்கிறன்" என்றாள்.

பிறகு காத்திருந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாடிப்படியில் காலடி கேட்டாலே எழுந்து வாசலுக்கு ஓடுவேன். விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது நீட்டிப்பு வந்தது. பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள், ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மாடிக்கு யார் வந்தாலும் முதலில் பதிவு, அப்புறம்தான் மீன் குழம்பு. எந்த ஊர் என்ற கேள்வி எனக்கு இன்னும் குத்தத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கேட்காமல் விட்டதால் ஒரு பெண் ஏழு மாதம் என் தலைக்கு மேலேயே இருந்தும் இல்லாதவளாக இருந்தாள் என்பது அதைவிடக் குத்துகிறது.