பவுசரில் முழுகுவதாக யார் வேண்டிக்கொண்டது?

ஆற்றில் குளிப்பதற்கு ஆற்றங்கரைக்கே தண்ணீர் கொண்டுபோகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்குமா? இருக்கிறது. எங்கள் மாத்தளைதான். போன கிழமை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

மழைக்காலத்தில் என் மகள் கவிக்கு டெங்கு. வார்டில் கிடந்தாள். இரத்தத்தில் என்னவோ இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். காலையில் இறங்கியது. மாலையிலும் இறங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மனைவி புனிதாதான் வார்டு வாசலில் நின்று, அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளை எழுந்து நடந்தால், திருவிழா அன்றைக்கு சுதுகங்கையில் முழுகி, ஈரத்துணியோடு பால்குடம் தூக்கி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

பிள்ளை எழுந்தாள். நடந்தாள். இப்போது அவள் கையிலிருந்து போனைப் பிடுங்க முடியவில்லை. ஆக, அம்மன் தன் வேலையைச் செய்துவிட்டாள். மிச்சம் எங்கள் வேலை. முழுக வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்...

நேர்த்தி விஷயத்தைக் கவியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: “எந்த ஆறு? ஓ... அந்தக் கானா?”

கோபம் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அவள் பிறந்த நாளிலிருந்து கண்டது அதைத்தான். அழுக்குத் தண்ணீர் ஓடினால் அதற்குக் கான் என்றுதானே பெயர்?

அந்தக் கானுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது ஐயா! சிங்களத்தில் சுது என்றால் வெள்ளை. வெள்ளையாய் ஓடியதால் வந்த பெயர் என்பார்கள். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தார்களே நம் ஆட்கள் — வழி நெடுகக் காய்ச்சலுக்கும் பசிக்கும் உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள் — அவர்கள் முதன்முதலாக உடம்பு நனையக் குளித்தது இந்த ஆற்றில்தான் என்று என் அப்பா சொல்வார். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நான் நம்புகிறேன். காடு தாண்டி வந்தவன் வேறு எதைத் தேடியிருப்பான்?

பிறகு ஊர் வளர்ந்தது. கடை வந்தது, பஸ் ஸ்டாண்ட் வந்தது, வீட்டுக்கு வீடு பைப் வந்தது. பைப் வந்ததோடு ஆற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டோம். ஆற்றைப் பார்த்திருந்த வாசல்கள் எல்லாம் பின்வாசலாகி, அடுப்பும் குசினியுமான பக்கமாகிவிட்டன. குசினிப் பக்கத்தில் என்ன செய்வோம்? கொட்டுவோம். கோழிக்கடை இறகிலிருந்து குழந்தைகளின் பம்பர்ஸ் வரை அங்கேதான். பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொப்பிங் பேக்கை வீசிவிட்டுப் போகிற கெட்டித்தனம் வேறு எந்த ஊர்க்காரனுக்கு வரும், சொல்லுங்கள்!

இதில் புனிதா முழுகினால், அடுத்து வார்டில் கிடக்கப்போவது அவள். எல்கடுவ மலைப் பக்கம் போனால் ஓடைத் தண்ணீர் கண்ணாடியாய் ஓடும், அங்கே முழுகிவிட்டு வேனில் வந்துவிடலாம் என்றேன். வருவதற்குள் சேலை காய்ந்துவிடுமே என்றாள். ஈரத்துணி என்று சொல்லியாகிவிட்டதாம். இவளை யார் அத்தனை விவரமாக வேண்டிக்கொள்ளச் சொன்னது?

ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கரைதான் எங்களுடையது, தண்ணீர் எங்களுடையதல்ல என்றார்கள். தண்ணீருக்கு உரிய அலுவலகத்தில், குப்பை எங்களுடையதல்ல என்றார்கள். அதற்கு மேல் ஏற எனக்குப் படிக்கட்டு தெரியவில்லை.

கடைசியில் திருவிழாக் கமிட்டிச் செயலாளரிடம் போனேன். ஹார்ட்வெயார் கடைக்காரர், நல்ல மனுஷர். கவலையே வேண்டாம், எல்லா ஏற்பாடும் செய்தாகிவிட்டது என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

ஏற்பாடு என்ன என்பது திருவிழா அன்று விடிந்ததும் தெரிந்தது. ஆற்றங்கரையில் ஒரு பவுசர், தண்ணீர் ஏற்றி வருகிற லொறி. அதிலிருந்து நீளமான ஹோஸ். மஞ்சள் சேலையில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தலைக்கு மேல் ஒருவர் ஹோஸைப் பிடிக்கிறார். நனைந்தவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பக்கத்திலேயே ஆறு. பெயருக்கு அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

புனிதாவின் முறை வந்தது. அவள் நகரவில்லை. செயலாளர் ஓடி வந்தார்.

“தங்கச்சி, இதுவும் ஆத்துத் தண்ணிதான். மேல இருந்து எடுத்து சுத்தம் பண்ணினது. போன வருஷமும் இப்பிடித்தான் செஞ்சோம். யாரும் ஒண்ணும் சொல்லலயே.”

“நான் ஆத்துல முழுகி வாரேன்னுதான் வேண்டிக்கிட்டேன். பவுசர்ல முழுகுறேன்னு சொல்லலீங்களே அண்ணே.”

சொல்லிவிட்டுத் தண்ணீரை நோக்கி இறங்கினாள். வேணாம் புள்ள என்று பின்னாலேயே போனேன். தண்ணீர் விளிம்பில் நின்றாள். கறுப்பாக ஏதோ கொழகொழவென்று மிதந்து வந்தது. அதைப் பார்த்தாள். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

“தாயே, சொன்னது சொன்னதுதான். இந்த ஆறு முழுகுற மாதிரி ஆகுற அன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் புள்ளயப் பாத்துக்க.”

பாலைக் கோயிலில் கொடுத்துவிட்டு, நனையாத சேலையோடு வீட்டுக்கு வந்தோம்.

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறாள் பாருங்கள்! இந்த ஆறு எப்போது முழுகுகிற மாதிரி ஆவது? எந்த யுகத்தில்? நேர்த்தியை நிறைவேற்றாமல் வைத்திருப்பது விளையாட்டா? நான் சாமி விஷயத்தில் பெரிய ஆள் இல்லை. ஆனால் பயம் என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒன்றுதான். வந்த நாளிலிருந்து புனிதா கவியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ச்சல் இல்லை. அவள் அந்தப் பக்கம் போனதும் நானும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

அம்மனுக்குப் பொறுமை உண்டு, தவணை கொடுப்பாள். எனக்குக் கிடையாது. ஆகவே பாலத்துப் பக்கம் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு போகிற பெரியோர்களே... இனி என் மகள் ஒரு தும்மல் தும்மினாலும், நேரே உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவேன்!