வரி போடச் சொல்லி நின்றவர்

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டு நின்றதில்லை. சம்பள உயர்வு கேட்டதில்லை, என் அப்பாவிடம் தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை ஓர் அலுவலகத்தில் போய், தயவுசெய்து கொடுங்கள் என்று கேட்டு நின்றார். அவர் கேட்டது வரி.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவருக்கு ஸ்டோர்ஸில் குமாஸ்தா வேலை. என் நகையில் பாதியும் அவருடைய பி.எஃப். கடனும் சேர்ந்து திருவேற்காட்டில் ஒரு மனையாகி, பிறகு இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக எழுந்து நின்றது. ஆனால் குவார்ட்டர்ஸை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. இங்கே குழாயில் தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது. அங்கேயோ எங்கள் தெரு என்பது நாலு வீடும் நிறைய முள்செடியும்தான். அதனால் வீட்டை வாடகைக்கு விட்டோம்.

வந்தவர் பூந்தமல்லிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருநெல்வேலிச் சீமைக்காரர், கிறிஸ்தவர். கணவர் இறந்துவிட்டார், ஏழாவது படிக்கும் ஒரு மகள். மாதம் பிறந்து மூன்றாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவார். இவருக்குக் கேட்கவா வேண்டும்? அந்தக் கடிதங்களை எல்லாம் துளை போட்டு, நூல் கோத்து, ஃபைலில் வைத்தார். உலகத்தில் தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்பதில் அவருக்கு அத்தனை திருப்தி.

குவார்ட்டர்ஸில் எங்களைப் போல வெளியே வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அந்த வாடகையை வருமான வரிக் கணக்கில் காட்டியவர் இவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், உன்னை எவன்யா கேட்டான்?"

"கேக்கணுமா? வருதுல்ல?" என்றார் இவர்.

வருகிறதைக் காட்டியாயிற்று. அதற்கு ஈடாக, சட்டம் கழித்துக்கொள்ளச் சொல்கிற எதையும் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தார். ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் வருமான வரிக் கையேடு ஒன்றை வாங்கி வந்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். நான் மாத நாவல் படிக்கிற அதே நேரத்தில், அதே ஆர்வத்தோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"இந்தா, கேளு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நாம கட்டுற வீட்டு வரியை வாடகையிலேருந்து கழிச்சுக்கலாம். ஆனா வீட்டுச் சொந்தக்காரரே கட்டியிருக்கணும். அந்த வருஷத்துக்குள்ளயே கட்டியிருக்கணும்."

"சரி, கழிச்சுக்குங்க."

"எப்படிக் கழிக்கிறது? நமக்குத்தான் இன்னும் வரியே போடலையே!"

உண்மைதான். வீடு எழுந்து மூன்று வருஷமாகியும் பஞ்சாயத்து எங்களை மறந்திருந்தது. எல்லோரும் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். இவர் அதை அநீதி என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டார். அம்மன் கோயிலுக்குப் போகலாம் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போய், கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீஸில் நிறுத்தினார். அங்கே பில் கலெக்டர் மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், இன்னா மேட்டரு?"

"என் வீட்டுக்கு வரி போடணும்."

"ஜாஸ்தியா போட்டுட்டாங்களா? கொறைக்கணுமா?"

"இல்லைங்க. போடவே இல்லை. போடணும்."

பில் கலெக்டர் டம்ளரை மேஜையில் வைத்தார். இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"யம்மா, சாரு நல்லாத்தான கீறாரு?"

நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். இவர் கோபப்படவில்லை. கையேட்டை எடுத்து, சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைக் காட்டி, முழுவதையும் விளக்கினார். அவர் பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

"கம்மி பண்ணுன்னு அய்துகினு வர்றவன பாத்துகீறேன். போடு போடுன்னு வந்து நிக்கிற ஆள இன்னிக்குத்தான் சார் பாக்குறேன். மனு எய்திக் குடுத்துட்டுப் போ."

மனு எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி போனார். வரைபட நகல் கேட்டார்கள், கொடுத்தார். மறுபடியும் போனார். ஆவடியிலிருந்து திருவேற்காட்டுக்கு நேர் பஸ் கிடையாது. பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி போய், அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கடைசியில் இவர் தொல்லை தாங்காமலோ என்னவோ, பொங்கல் கழிந்து பில் கலெக்டர் டேப்போடு வந்து வீட்டை அளந்துவிட்டுப் போனதாக நர்ஸ் கடிதம் எழுதினார். அன்றைக்கு இவர் இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டார்.

பிப்ரவரி கடைசியில் வரி கட்டலாம் என்று பணத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர், சாயங்காலம் அதே கவரோடு திரும்பி வந்தார். முகம் விழுந்து கிடந்தது.

"கட்டியாச்சாம்."

"யார் கட்டினாங்க?"

"சிஸ்டர். நோட்டீஸ் அந்த வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கு. அடுத்த நாளே போய் மொத்தமும் கட்டிட்டாங்களாம்."

"நல்ல மனசு" என்றேன் நான்.

"என்ன நல்ல மனசு! குடியிருக்கிறவங்க கட்டினா நான் எப்படிக் கழிக்கிறது? அவங்க கையிலேருந்து போன பணம் என் கையிலேருந்து போனதா ஆகணும். அதுவும் மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஆகணும்."

அப்படித் தொடங்கியது அந்த மார்ச் மாதம். குடியிருப்பவரிடம் பணம் கேட்டு அலைகிற வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் கொடுக்க அலைந்த வீட்டுக்காரர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். முதல் தடவை போனபோது நர்ஸ் காப்பி கொடுத்தார், பணத்தை வாங்கவில்லை. "இருக்கட்டும் சார், இந்த வீட்ல நான்தானே இருக்கேன்" என்றாராம். உடனே இவர் பையிலிருந்து கையேட்டை எடுத்து, வாடகைதாரர், உரிமையாளர் என்று உரக்க வாசித்திருக்கிறார். வாசிக்க வாசிக்க அந்த அம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று என்று வந்து சொன்னார். சட்டம் புரியவில்லை போலிருக்கிறது என்று அவராகவே ஒரு காரணமும் சொன்னார்.

இரண்டாம் தடவை மகள் மட்டும் இருந்தாள். "அம்மா டூட்டிக்குப் போயிருக்காங்க அங்கிள். நீங்க வந்தா தண்ணி குடுக்கச் சொன்னாங்க. காசு மட்டும் வாங்கக் கூடாதுன்னாங்க."

மூன்றாவதாக மணியார்டர் அனுப்பினார். பெற மறுத்தார் என்று எழுதித் திரும்பி வந்தது. மணியார்டரைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு என்று தபால்காரருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீ ஒரு தடவை போய்ப் பாரேன்" என்று என்னிடம் சொன்னபோது மார்ச்சில் ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி இருந்தது.

நான் கையேடு எடுத்துக்கொண்டு போகவில்லை, கால் கிலோ திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். அவர்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு நர்ஸ் என் எதிரில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏன் சிஸ்டர், அவர் குடுக்கிற பணத்தை வாங்கிக்கிட்டா என்ன?"

அவர் பதிலுக்கு, "வீட்டை எப்பக்கா விக்கப் போறீங்க?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னா?"

"அளக்க வந்தவர்தான் சொன்னார். ஊட்ட விக்கப் போறாரு போலக்கீது, இல்லாங்காட்டி எவன் தானா வந்து வரி போடச் சொல்லுவான், ரசீது இருந்தாத்தான் நல்ல வெலைக்குப் போவும்னு." அவர் பில் கலெக்டரைப் போலவே பேசிக் காட்டினார். ஆனால் கண் கலங்கியிருந்தது. "ஆறு வருஷத்துல மூணு வீடு மாறிட்டேன்க்கா. ராத்திரி டூட்டி போறவ, ஆம்பிளைத் துணை இல்லைன்னு சொன்னாலே கதவைச் சாத்துதாங்க. சார் ஒருத்தர்தான் ஒரு கேள்வி கேக்காம வீடு தந்தாங்க. ரசீது என் கையில இருந்தா சட்டுனு விக்க முடியாதுல்லன்னு நெனச்சேன். அதான் ஓடிப் போய்க் கட்டினேன். அதுக்கப்புறம் சார் பணத்தோட வர வர, ரசீதை வாங்கிட்டுப் போகத்தான் வர்றாங்கன்னு தோணிச்சு. சட்டப் புஸ்தகத்தை வேற எடுத்து வாசிச்சாங்களா, காலி பண்ணத்தான் சொல்லுதாங்கன்னு பயந்துட்டேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. ஒரு மாதமாக நாங்கள் இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிச் சொல்லிச் சிரித்த அதே விஷயம், இங்கே ஒரு மாதமாக ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. வீட்டை விற்கிற எண்ணமே இல்லை என்று சொன்னேன். தலையாட்டினார், நம்பினதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கையேட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். அந்தப் புத்தகத்தின்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் வேலை முடிந்து இரண்டு பேருமாகப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"சிஸ்டர், உங்க பொண்ணு படிச்சு முடிச்சு வேலைக்குப் போற வரைக்கும் இந்த வீட்டை நான் விக்கவும் மாட்டேன், காலி பண்ணச் சொல்லவும் மாட்டேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "எழுதித் தருவீங்களா சார்?" என்றார்.

வேறு வீட்டுக்காரராக இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். இவருக்குப் பளிச்சென்று மலர்ந்தது. மகளிடம் கோடு போட்ட தாள் வாங்கி, நிறுத்தி நிதானமாக எழுதினார். அதை அப்படியே இன்னொரு பிரதியும் எடுத்தார். ஒன்று நர்ஸுக்கு, ஒன்று ஃபைலுக்கு. பதிலுக்கு நர்ஸ் வரிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் கையெழுத்துப் போட்டு, பஞ்சாயத்து ரசீதையும் கொடுத்தார். கெடு முடிய ஒரு நாள் இருந்தது. அந்த வருஷக் கணக்கில் வீட்டு வரி அழகாகக் கழிந்தது. அதனால் மொத்தம் எவ்வளவு மிச்சம் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "இன்னிக்கு என்ன குழம்பு?" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நர்ஸின் மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. செய்தி கேட்டு நர்ஸே ஆவடிக்கு வந்தார்.

"சார், நீங்க வந்துருங்க. நான் வேற வீடு பாத்துக்கிடுதேன்."

"எழுதிக் குடுத்திருக்கேன்ல?"

"அந்தத் தாளைக் கிழிச்சிடுதேன் சார்."

"எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு" என்றார் இவர்.

அதற்குமேல் அவரிடம் யார் பேச முடியும்? சொந்த வீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் அம்பத்தூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்கும் எரிச்சல் இல்லாமல் இல்லை. மாடிப்படிக்குக் கீழே சமையலறை, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை நாட்கள் வந்தபோது, பெட்டி படுக்கையோடு அவள் இன்னொரு வீடு தேடவில்லை என்று நினைத்துக்கொள்வேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கும். முழுவதும் அடங்கியது என்று சொன்னால் அது பொய்.

போன இடத்திலும் இவர் சும்மா இருக்கவில்லை. அம்பத்தூர் வீட்டுக்காரரிடம், "நீங்க வீட்டு வரியைக் கழிக்கிறீங்களா?" என்று அன்போடு விசாரித்திருக்கிறார். உதவி செய்கிற எண்ணம்தான். அந்த மனுஷர் இவரை வருமான வரி ஆபீஸ் ஆள் என்றே முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு வாடகை வாங்க அவர் வரவேயில்லை, மனைவியை அனுப்பினார்.

மூன்றாம் வருஷம் நர்ஸின் மகளுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் அவளுடைய ஆபீஸுக்குப் பக்கமாகக் குடிபோனார்கள். சாவியைக் கொடுக்கும்போது நர்ஸ் வீட்டைக் கழுவித் துடைத்து, ஆணி அடித்த இடங்களில் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார்.

நாங்கள் பால் காய்ச்சிய அன்று காலையில் அவரும் மகளும் வந்திருந்தார்கள். தெருவில் இப்போது முள்செடியே இல்லை, வரிசையாக வீடுகள். நான் அடுப்பருகில் நின்றிருந்தபோது இவர் கையேட்டின் புதுப் பதிப்போடு உள்ளே வந்தார். முகத்தில் ஏதோ துக்கச் செய்தி கேட்டது போன்ற பாவனை.

"நாமே குடியிருந்தா வீட்டு வரியைக் கழிக்க முடியாதாம்" என்றார்.

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பால் பொங்கி வழிந்தது.

"அப்போ மேல ஒரு மாடி கட்டி வாடகைக்கு விடுங்க" என்றேன், விளையாட்டாக.

எல்லோருக்கும் பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவரைத் தேடினேன். மொட்டை மாடியில், கையில் டேப்போடு நின்றுகொண்டிருந்தார். அதன் மறுமுனையை நர்ஸின் மகள் பிடித்துக்கொண்டிருந்தாள்.