வெண்ணெயில் பதிந்த விரல்கள்

என் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியம்மாளை வெண்ணெய்த் தொழிற்சாலையில் ‘இஸ்திரி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அரைக் கிலோ வெண்ணெய்க் கட்டியை அவர் காகிதத்தில் சுற்றி முனைகளை மடித்து வைத்தால், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். பத்தொன்பது வருஷமாக அதே மேஜை, அதே இடம். அவர் மடித்த கட்டியைப் பிரிக்க மனம் வராமல் ஒரு வீட்டில் வெறும் ரொட்டியையே தின்று தீர்த்தார்கள். இது நான் பரப்பிய செய்தி. இதுவரை யாரும் மறுக்கவில்லை.

வெண்ணெய் இளகக் கூடாதென்று அந்த அறையை எப்போதும் குளிரூட்டியே வைத்திருப்பார்கள். உள்ளே பெருமூச்சு விட்டால் அது கீழே விழுந்து உடையும். போன வருஷம் அந்தக் குளிர் சம்பந்தியம்மாளின் விரல்களைப் பிடித்துக்கொண்டது. வேலை தொடங்கிய அரை மணியில் விரல்கள் மெழுகுவத்தி மாதிரி வெளுக்கும், நீலம் பாரிக்கும், அப்புறம் மரத்துப் போகும். சிலருக்குக் குளிர் பட்டால் விரலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். கம்பளிக் கையுறை போட்டால் காகித முனை பிடிபடவில்லை. போடாவிட்டால் கட்டி கை நழுவியது. வாசலில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலைக்கு மாற்றிவிடுகிறேன் என்றார் சூப்பர்வைசர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சம்பந்தியம்மாளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நேராக என் மகனின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய் நின்றார்.

“மாப்பிள்ளை, கம்பி வச்சு சூடு பண்ற போர்வை விக்கிறாங்களே, அந்தக் கம்பியை ஒரு கையுறைக்குள்ள வைக்க முடியாதா?”

பெற்றவளுக்கு ஒரு பல்பு மாட்டித் தர ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறவன், மாமியாருக்கு இரண்டே நாளில் கையுறை செய்துவிட்டான். இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவில் மயிரிழைக் கம்பி, உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் வளைந்து வளைந்து ஓடியது. மணிக்கட்டில் தீப்பெட்டி அளவில் பேட்டரி. மேலே மெல்லிய ரப்பர் உறை.

முதல் நாள் சம்பந்தியம்மாள் பறந்தார். விரல் வெளுக்கவே இல்லை. பக்கத்து மேஜையின் பங்கையும் சேர்த்து மடித்தார். மூன்றாம் நாள் ஒரு ரொட்டிக் கடையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. காகிதத்தைப் பிரித்தால் ஒவ்வொரு கட்டியிலும் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பள்ளமாகப் பதிந்திருந்தன. கை ரேகைகூடத் தெரிந்தது, ஆயுள் ரேகை கெட்டி என்று நான் சொன்னால் என் மகன் முறைக்கிறான்.

சூப்பர்வைசர் ஒரு கட்டியை மேஜை மேல் வைத்துப் பன்னிரண்டு பேரையும் வரிசையாகக் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். சம்பந்தியம்மாளுக்குச் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல். அது அந்தப் பள்ளத்தில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. அறையே சிரித்தது. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை.

“திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன். ஒரு பள்ளம் விழுந்தாலும் நீங்க வாசலுக்கு.”

“வாசல்ல உக்கார்ற வயசு எனக்கு இன்னும் வரல சார்,” என்றார் சம்பந்தியம்மாள். குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியதாம். குளிரில்தான் என்று சொல்லிக்கொள்கிறார்.

சூட்டைக் குறைத்துப் பார்க்கலாம் என்றான் என் மகன். குறைத்தார்கள்; விரல் மறுபடி வெளுத்தது. கூட்டினால் வெண்ணெய் இளகும். சனிக்கிழமை முழுக்க இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள், வழக்குக்கு வந்தவர்கள் மாதிரி. திடீரென்று சம்பந்தியம்மாள் எழுந்து போய் இரண்டு கையையும் கோதுமை மாவுக்குள் விட்டார். மணிக்கட்டு வரை வெள்ளையாக வந்து, வெண்ணெய்க் கட்டி அளவிலிருந்த மரத்துண்டை ஈரத்துணியால் சுற்றி மடிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, இருபது தடவை. பிறகு கைகளை மாப்பிள்ளை முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மாவு போன இடம் வெண்ணெயைத் தொடற இடம். போகாத இடத்துல கம்பியை ஓட்டுங்க.”

புறங்கை, விரல்களின் முதுகு, நகத்தைச் சுற்றி ஒரு வளையம். அங்கெல்லாம் மாவு அப்படியே இருந்தது. என் மகன் பேனாவால் அந்த மாவின் மேலேயே கோடு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பியைப் பிரித்து, புதிதாகப் புறங்கைப் பக்கம் தைத்தார்கள். உள்ளங்கைப் பக்கம் வெறும் ஒற்றைத் துணி. காகித முனை கைக்குத் தெரிய வேண்டுமே. மணிக்கட்டு பேட்டரி குளிரில் சாயங்காலத்துக்கு முன்னாலேயே படுத்துவிடுகிறது என்று சம்பந்தியம்மாள் புகார் சொன்னதால், அதைக் கோட்டுக்கு உள்ளே இடுப்பில் கட்டி, கம்பியைச் சட்டைக் கை வழியாக இழுத்தார்கள். இடுப்புக்கும் கொஞ்சம் சூடு கிடைத்தது இலவசம்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பத்துக் கட்டிக்கு ஒன்று பிரித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் பெட்டியில் பள்ளம் இல்லை. பத்தாவது பெட்டியிலும் இல்லை. சந்தேகம் தாங்காமல் ஒவ்வொரு கட்டியாகப் பிரிக்க ஆரம்பித்தார். மற்ற பதினொரு பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மத்தியான மணி அடித்தபோது மேஜை மேல் பிரித்த வெண்ணெய் மலை மாதிரி குவிந்திருந்தது. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. யாரோ தன்னைத் தொட்டார்கள் என்பதே அந்த வெண்ணெய்க்குத் தெரியாது.

சம்பந்தியம்மாள் ஒரு கையுறையைக் கழற்றி விரல்களை விரித்துக் காட்டினார். ரோஜா நிறம்.

சூப்பர்வைசர் அந்தக் கையுறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு தன் கையை உள்ளே விட்டார். மற்றதையும் கேட்டு வாங்கினார். பேட்டரி சம்பந்தியம்மாளின் இடுப்பில் இருந்ததால், கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி அவர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. கண் மெல்ல மூடியது. முகத்தில் ஒரு தெய்வீகக் களை. கால் மணி நேரம் ஆனது. கழற்றுகிற வழியாகத் தெரியவில்லை.

“பன்னெண்டு ஜோடிக்கு என்னம்மா ஆகும்?” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“அதை மாப்பிள்ளைகிட்ட பேசிக்கோங்க. இப்ப அதைக் கழட்டிக் குடுங்க சார்,” என்றார் சம்பந்தியம்மாள். “நீங்க பிரிச்சுப் போட்டதை எல்லாம் நான்தான் திரும்ப மடிக்கணும்.”