மாமா கேட்ட தண்டனை

நகரியில் எங்கள் நெசவுத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் அந்தத் தெருவில் எழுதிய காகிதம் இருந்த வீடும் எங்களுடையது ஒன்றுதான். இந்தச் சின்ன விஷயம் என் தாய்மாமாவுக்குத் தோன்றவில்லை. என் பழைய நோட்டைக் கிழித்து அதில் அபின் மடித்து விற்றுவிட்டார். ரயில்வே ஸ்டேஷனில் அபினோடு பிடிபட்ட ஒருவன் எங்கள் தெருவைக் கைகாட்டினான். போலீஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே மிளகளவு அபின், காகிதத்தில் என் ஒன்பதாம் வாய்ப்பாடு. நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்பதேழு அறுபத்திரண்டு என்று நான் போட்டிருந்ததையும் நைனாவிடம் சொன்னார். அதற்கு எனக்குத் தனியாக அடி விழுந்தது.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை எங்கே விழும், நகரி எந்தப் பக்கம் போகும் என்று தறியில் உட்கார்ந்தபடியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மாமா மட்டும் பேசமாட்டார். வயிற்றுவலிக்கென்று தொட்ட அபின் அவரைத் தறியிலிருந்தே இறக்கிவிட்டிருந்தது. ரேணிகுண்டாவில் ஒருவன் உருண்டையாகக் கொடுப்பான். பிரித்து விற்றுக் கொடுத்தால் மாமாவுக்கு ஒரு துண்டு கிடைக்கும்.

புத்தூர் கோர்ட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். எழுத்து என்னுடையதுதான் என்று நான் சொல்ல வேண்டுமாம். வாசலில் வக்கீல் மாமாவுக்கு வழி சொன்னார்.

“விக்கறதுக்குன்னா ஜெயிலு. சொந்தத்துக்கு வச்சினு இருந்தேன்னு சொல்லு, அபராதத்தோட போயிடும். அதுக்கு மேல வாயத் தெறக்காதே.”

அபராதத்துக்கு நைனா ஏற்பாடு செய்திருந்தார். சாயங்கால ரயிலில் மாமா எங்களோடு திரும்பிவிடுவார் என்றே அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

மாஜிஸ்டிரேட் தெலுங்கில் கேட்டார், மாமா தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் அதில் கஷ்டம் இருக்கவில்லை. சாப்பிடுகிறாயா, விற்கிறாயா என்று கேள்வி வந்தது.

“துன்றேன் சாமி. விக்கவும் விக்கறேன். வித்தாத்தான் எனக்குத் துன்னக் கெடைக்கும்.”

வக்கீல் கூரையைப் பார்த்தார்.

அபராதம் போட்டு அனுப்பினால் விட்டுவிடுவாயா என்று மாஜிஸ்டிரேட் கேட்டார்.

“மாட்டேன் சாமி. சாயந்திரமே அந்த ரேணிகுண்டாக்காரன் வூட்டு வாசல்ல போய் நிப்பேன். உள்ளயே போட்டுடுங்க.”

அம்மா எழுந்துவிட்டாள். “நான் பாத்துக்கறேன் சாமி. வூட்லயே வச்சிப் பாத்துக்கறேன்.”

“அக்காவால முடியாது சாமி,” என்றார் மாமா. “நான் அழுதா அதுவே வாங்கியாந்து குடுத்துடும். ரெண்டு தபா குடுத்துச்சு.”

அம்மா உட்கார்ந்துகொண்டாள். மாஜிஸ்டிரேட் பேனாவை மையில் நனைத்துவிட்டு வெகுநேரம் எழுதாமலே இருந்தார். மை உலர்ந்து, மறுபடி நனைத்துத்தான் எழுதினார். மூன்று மாதம், சித்தூர் ஜெயில். முதல் நாளே ஜெயில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கூடவே ஒரு வரி.

சித்தூர் பஸ்ஸுக்காக மரத்தடியில் நின்றபோது, பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் சற்றுத் தள்ளிப்போய் பீடி பற்றவைத்தார்.

“ஒரு பொய்யி சொல்லக்கூடாதாடா?” என்றாள் அம்மா. “ஊரே சொல்லுது.”

மாமா என் தலையில் கை வைத்தார், அதன் நடுக்கம் என் காது வரைக்கும் வந்தது.

“மொதல் பத்து நாளு பாக்க வராதேக்கா. நான் சொல்லியனுப்பினாலும் வராதே. புள்ளயக் கூட்டினு வரவே வராதே.”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

கூடப் பிறந்த அக்காவையே வராதே என்கிற மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, ஜெயிலில் பத்து நாளைக்கு ஏதோ அவசர வேலை இருக்கும், அதை வெளியாட்கள் பார்க்கக்கூடாதாக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ரயிலில் அம்மாவிடம், மாமாவுக்கு அங்கே தறி போட்டுக் கொடுப்பார்களா என்று கேட்டேன். அம்மா விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள், பத்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து.