வெள்ளிக்கிழமையும் திருமதி ஹானின் கோழியும்

"வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட்டால் பிள்ளைக்கு என்ன நடக்கும்?" திருமதி ஹான் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

த்ரீ கிங்ஸ் என்ற இந்தப் புறநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய குடும்பம் இருபது வருடத்துக்கு மேலாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறது. கொரியாவில் தங்கள் ஊரான சுன்சியோனில் செய்வதுபோல, கோழியைக் காரச் சாந்தில் ஊறவைத்து, மேசையிலேயே கரி அடுப்பில் சுட்டுத் தருவார்கள். பின்னேரங்களில் நான் அங்கே உள்ளி உரிக்கிறேன், சலாட் இலை கழுவுகிறேன். என் தாவரவியல் பட்டத்துக்கு இங்கே கிடைத்த பயன் அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் என் ஆறு வயது மகள் யாழினி மூலை மேசையில் இருந்து படம் கீறுவாள். கணவர் வேலையால் வர இரவாகும். பிள்ளை பார்க்க எனக்கு வேறு ஆள் இல்லை.

திருமதி ஹான் சுட்ட கோழியை இலையில் சுருட்டித் தன் கையாலேயே அவள் வாய்க்குள் வைப்பார். பிரியமானவர்களுக்கு அப்படித்தான் கொடுப்பார்களாம். வெள்ளியில் நாங்கள் மரக்கறி மட்டும் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லியிருந்தேன். சிரித்துத் தலையாட்டினார். யாழ்ப்பாணத்தில் இதை யாருக்கும் விளக்கியதில்லை. மீன்காரர்கூட அன்று எங்கள் படலையடியில் நிற்காமல் போய்விடுவார். ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளி, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தால் யாழினியின் கன்னம் உப்பியிருந்தது. ஓடிப்போய் உள்ளங்கையை நீட்டி, "துப்பு!" என்றேன். சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, துப்பினாள்.

"இலைதான் பெரிது. கோழி சின்னத் துண்டு," என்றார் திருமதி ஹான். பிறகுதான் அந்தக் கேள்வி. "இவளுக்கு வயிறு சரியில்லை," என்று பொய் சொல்லிவிட்டேன்.

"அப்ப அந்த மனுசியின்ர கோழி பழுது எண்டு சொல்லிட்டீர்," என்று இரவு வீட்டில் கதையைக் கேட்டுக் கணவர் சிரித்தார். "வெள்ளிக்கிழமையை மட்டும் காப்பாத்திட்டீர்."

அன்றிலிருந்து யாழினிக்கு எல்லா நாளும் வெறும் அரிசிக்கஞ்சி. கிண்ணத்தை வைத்துவிட்டுத் திருமதி ஹான் போய்விடுகிறார். அது அக்கறையா, கோபமா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாத எனக்கு என்னிலேயே எரிச்சல் வருகிறது. "ஷி டஸின்ட் லைக் மீ எனிமோர், அம்மா," என்கிறாள் மகள். கரண்டியைத் தொடாமல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

கோழியில் பிழை இல்லை, பொய் சொன்னது நான்தான் என்று எப்படித் தொடங்குவது? பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாமா, தனியாகவா? இப்படி மாட்டிக்கொண்ட அம்மாக்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். திங்கட்கிழமை மூன்று மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டும்.