பிள்ளையாருக்கு அடியில் ஒரு சுவிட்ச்

வேனின் ஓட்டுநர் இருக்கையில் என் மனைவியை உட்காரவைத்தேன். அளவு நாடாவின் ஒரு முனையை எஞ்சின் பெட்டிக்குள் இருந்த, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் மேலும் மறுமுனையை அவளுடைய இடது தோள் எலும்புக்குக் கீழேயும் பிடித்துப் பார்த்தேன். பத்தொன்பது அங்குலம். கை பிரேக்கை எடுப்பதுபோலக் குனியச் சொன்னேன். பதினொன்று.

"எந்தத் தையல்காரனும் என்னை இப்படி அளந்ததில்ல," என்றாள். "எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டேன்.

தோளுக்குக் கீழே அந்த இடத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு கிள்ளான் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். இதயத் துடிப்பு இடையிடையே நின்று போகிறது என்று மருத்துவமனையில் கண்டுபிடித்து அதைப் பொருத்தினார்கள். கூடவே ஒரு கையேடு கொடுத்தார்கள். முப்பத்து நான்கு பக்கம். இருபத்திரண்டாம் பக்கத்தில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் மின்பாகங்களுக்கும் கருவிக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி இருக்கட்டும் என்று போட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. எஞ்சினின் மேல் குனிந்துகொண்டு யாரும் வண்டி ஓட்டுவதில்லை. எங்கள் வேன் பழைய மாதிரி. எஞ்சின் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். ஓட்டுபவரின் இடது முழங்கை அதன் மேல் படும்.

எங்கள் வேன் என்று எழுதிவிட்டேன். அது அவளுடையது. அவள் வாங்கி, அவளே பத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. எனக்கு ஓட்டத் தெரியாது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ரயில்வேயின் சரக்குப் பிரிவில் வேகன்களை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற எதையும் நான் ஓட்டியதில்லை, எண்ணியிருக்கிறேன். பிள்ளைகளை ஏற்றுவதை அவள் நிறுத்திய பிறகு வேன் எங்கள் வீட்டு முகப்புக் கூரையின் கீழ் பதினொரு ஆண்டுகள் நின்றது.

ஆறு மாதப் பரிசோதனையில், இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். நான் மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதையே சொன்னார். பேஸ்மேக்கரின் பேட்டரி இன்னும் ஒன்பது ஆண்டு வரும் என்றும் சொன்னார். நான் மறுநாளிலிருந்தே ஒவ்வொரு நாளாகக் கழிக்கத் தொடங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இத ரெடி பண்ணுங்க. காஜாங்குக்குப் போகணும்."

காஜாங்கில் அவள் தங்கை இருக்கிறாள். பாசாரில் மனைவி விழுந்ததிலிருந்து இரண்டு ரயில் மாறி நான்தான் அழைத்துப் போய் வந்தேன்.

"ரயில்ல போகலாமே."

"உங்க கூட ரயில்ல போனா, எத்தனையாவது ஸ்டேஷன்னு கேட்டுக்கிட்டே போகணும். நான் தனியா போறேன்."

"சின்ன கார் ஒண்ணு பார்க்கலாம்."

"உசரமா உக்காந்தாத்தான் எனக்கு ரோடு தெரியும்."

பக்கத்து ஊரான மேருவில் லோரிகளுக்கு வயரிங் செய்யும் ஒருவரை வரச் சொன்னோம். ஐம்பது வயதிருக்கும். டேஷ்போர்டின் கீழ் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு வயரைத் தொட்டதும் அதன் மேலுறை பிஸ்கட்டைப்போல உதிர்ந்தது. முழு வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ். பழைய டைனமோ, வண்டி சிக்னலில் நின்றால் மின்சாரம் தராது, விளக்கு மங்கிவிடும். "எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டுப் புதுசா இழுக்கணும் அங்கிள்," என்றார்.

எஞ்சினையும் துருவையும் வேறு ஒருவர் பார்த்துக்கொண்டார். அது ஏழு வாரத்தில் முடிந்தது. வயரிங்குக்கு எட்டு மாதம் ஆனது. அதற்குக் காரணம் நான்.

முதல் இரண்டு மாத வேலை நியாயமானது. உருவிய ஒவ்வொரு வயருக்கும் காகித ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டினேன். நாற்பத்தாறு. டைனமோவுக்குப் பதிலாக, வண்டி நின்றாலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வந்தது. பத்து ஃபியூஸ் கொண்ட பெட்டி வந்தது. காயிலை எஞ்சின் பெட்டியிலிருந்து எடுத்து, இடது பக்கம் பயணியின் காலடிக்கு அருகே மாற்றச் சொன்னேன். கையேட்டின் இருபத்திரண்டாம் பக்கத்தைக் காட்டியதும் வயரிங்காரர் மறுபேச்சு பேசவில்லை. மீண்டும் நாடாவைப் பிடித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் முப்பத்தொரு அங்குலம், குனிந்தால் இருபத்து நான்கு. ஆல்டர்னேட்டர் இன்னும் தள்ளி, எஞ்சினின் பின்பக்கம்.

அத்துடன் முடித்திருக்கலாம். முகப்பு விளக்குகளுக்கு ரிலே வேண்டும் என்றேன். அது முடிந்ததும் எல்லா பல்பும் எல்இடியாக வேண்டும் என்றேன். பிறகு பின்னால் எடுக்கும்போது எரிய ஒரு விளக்கு, ஓட்டுபவர் முகத்துக்கு ஒரு மின்விசிறி, பேட்டரியின் வோல்ட் காட்டும் மீட்டர்.

"அங்கிள், இது வேனா, ஏரோப்ளேனா?"

சமையலறை ஜன்னலிலிருந்து அவள் சொன்னாள்: "தம்பி, என் வயரிங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாங்க. அவங்களத்தான் கூப்பிட்டிருக்கணும்."

வயரிங்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒவ்வொரு புதிய வேலையும் எனக்கு இரண்டு வாரம் வாங்கித் தந்தது. வயர்கள் தொங்கிக்கொண்டிருக்கும்வரை அவள் சாவியைத் திருப்ப முடியாது.

கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத ஒரு சனிக்கிழமை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, ஒரு ரகசிய சுவிட்ச் வைக்கச் சொன்னேன். அதை அணைத்துவிட்டால் சாவி திருப்பினாலும் வண்டி கிளம்பக் கூடாது.

"எதுக்கு அங்கிள்?"

"திருடனுக்கு."

"இந்த வண்டிய எவன் திருடுவான்? தள்ளிக்கிட்டுப் போகவே நாலு பேரு வேணும் லா."

இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். டேஷ்போர்டின் நடுவில் மூன்று அங்குலப் பித்தளைப் பிள்ளையார் ஒரு மரக்கட்டையின் மேல் இருந்தார். அந்தக் கட்டையைக் குடைந்து சுவிட்சை உள்ளே வைத்து, மேலே பிள்ளையாரை உட்காரவைத்தோம். அங்கே யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

வயரிங்காரர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி கேட்டார். "ஆன்டிக்குத் தெரியுமா?"

"அப்புறம் சொல்லிக்கலாம்."

மறுநாள் காலை அவள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை திருப்பினாள்.

"எங்கயோ லூஸ் கனெக்‌ஷன் போல," என்றேன். "பார்க்கச் சொல்றேன்."

என்னை ஒரு முறை பார்த்தாள். இறங்கிப் போய் அரிசி களைந்தாள். ஐம்பத்தொரு ஆண்டுத் தாம்பத்தியத்தில் நான் பொய்யே சொன்னதில்லை என்றில்லை. ஆனால் ஒரு பொய்யைக் கருவியாகச் செய்து ஆணி அடித்துப் பொருத்தியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைகளில் நான் பிரிக்பீல்ட்ஸ் போவேன். என்னோடு ரயில்வேயில் இருந்த மூன்று பேரும் நானும் ஒரு வாழையிலைக் கடையில் கூடுவோம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பதினான்காவது நிலையம். அந்த வெள்ளிக்கிழமையும் போய்விட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வேனின் கண்ணாடி வழியாக ஓடோமீட்டரைப் பார்ப்பது என் வழக்கம். அது மைல் காட்டும் பழைய மீட்டர். காலையில் 318 என்று முடிந்திருந்தது. இப்போது 322.

வயரிங்காரருக்கு ஃபோன் செய்தேன்.

"நான் வரவே இல்ல அங்கிள். ஏன், ஓடுதா?"

மறுபடியும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிள்ளையார் பளபளவென்று இருந்தார். கழுத்தில் புது மல்லிகைச் சரம். வேன் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரைக் கையில் எடுத்து, துடைத்து, சந்தனம் வைத்துப் பூ மாற்றுகிறவள் அவள். வேன் ஓடாமல் நின்ற பதினொரு ஆண்டும் அதை விடவில்லை. நாற்பத்தாறு வயர்களை எண்ணியவன் இந்த ஒன்றை எண்ணவில்லை. அவளிடமிருந்து ஒளித்துவைப்பதற்கு, உலகத்திலேயே அவள் மட்டும் தூக்கிப் பார்க்கும் இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறேன்.

உள்ளே போனேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வீட்டிலேயே இருந்திருக்கலாம். போனேன். இலையில் சோறு வைத்தார்கள், நண்பர்கள் பென்ஷனைப் பற்றிப் பேசினார்கள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் சாலைச் சந்திப்பைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் திரும்பியிருப்பாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்தும் சும்மா இருந்தவன் நான். தடுத்தால், டாக்டர் மூன்று முறை சொன்ன பிறகும் அவளை வீட்டில் கட்டிப்போட்டவன் நான். இந்த இரண்டையும் எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை வரவில்லை. பன்னிரண்டு பத்துக்குக் கடைக்கு வெளியே வந்து, கைப்பேசிக்கு அல்ல, வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தேன். அவள் எடுத்தால் வீட்டில் இருக்கிறாள்.

ஆறாவது மணியில் எடுத்தாள். "என்னங்க?"

என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. "கறிவேப்பிலை வாங்கிட்டு வரவா?"

"வாங்கிட்டு வாங்க," என்றாள்.

எங்கள் வாசலில் ஆறடி உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம் நிற்கிறது.

ஏழு வெள்ளிக்கிழமைகள். முதல் வாரம் நீங்கலாக ஆறு கட்டுக் கறிவேப்பிலை. ஓடோமீட்டர் நான்கு, நான்கு, ஆறு, ஆறு, ஒன்பது, ஒன்பது, பதினான்கு என்று ஏறியது. அந்த வாரங்களில் நான் அதிகம் நினைத்தது பாசாரில் அவள் விழுந்த நாளைத்தான். அன்று நான் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு கிலோவுக்கு எத்தனை கெம்போங் மீன் போடுகிறார்கள் என்று தராசுத் தட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு எண்ணியபோது சத்தம் கேட்டுத் திரும்பினேன். பக்கத்தில் இருந்தும் எண்ணிக்கொண்டிருந்தும் எதையும் நான் தடுத்துவிடவில்லை. இது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாவது வியாழக்கிழமை மாலை அவள் கேட்டாள். "நாளைக்குப் பிரிக்பீல்ட்ஸ் போகணுமா?"

"ஏன்?"

"ஃப்ரிட்ஜ்ல கறிவேப்பிலை வைக்க இடம் இல்ல."

நான் கையிலிருந்த நாளிதழை மடித்தேன்.

"காஜாங்குக்குப் போறேன். மொத தடவ நீங்களும் வாங்க. அதுக்கப்புறம் தனியாத்தான் போவேன்."

"உனக்கு அந்த சுவிட்ச்..."

"மொத வெள்ளிக்கிழமையே தெரியும். சாமிய வெச்சு என்னைப் பூட்டிட்டீங்களே." அவள் குரல் உயரவில்லை. அதுதான் வலித்தது.

"பயமா இருந்துச்சு," என்றேன்.

"எனக்கு இல்லயா? அன்னிக்கு வண்டிய கேட்டுக்கு வெளியே எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னேன். நின்னு பயந்து முடிச்சிட்டுத்தான் கிளம்புனேன். என் பயத்தையும் சேத்து நீங்களே பட்டுட்டா, நான் எப்பங்க அத முடிக்கிறது?"

சுவிட்சைக் கழற்றச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இருக்கட்டும். திருடன் வருவான்ல."

மறுநாள் காலை வலது தோளின் மேலாக இருக்கைப் பட்டையை இழுத்துப் பூட்டிக்கொண்டாள். கருவி இருக்கும் பக்கத்தை அது தொடவில்லை. நான் காயிலைக் காலடியில் வைத்துக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். அவள் டேஷ்போர்டைப் பார்த்தாள்.

"போடுங்க."

பிள்ளையாரை நான் தூக்கியது அதுதான் முதல் முறை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தார். சுவிட்சைத் தட்டினேன். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடத் தொடங்கியது, கிளம்பினோம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது விசிறி வேகம் குறையவில்லை, மீட்டரின் முள்ளும் இறங்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சாலையைப் பார்த்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் பதினான்கு நிலையங்களைக் கடந்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். அவள் காஜாங்குக்குப் புறப்பட்டிருந்தாள். இலையில் என்ன வைத்தார்கள் என்று நினைவில்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்று கைப்பேசியை எடுத்தேன். அவள் ஓட்டிக்கொண்டிருந்தால் மணி அடிப்பதே ஆபத்து என்று தோன்றியது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு எட்டுக்கு அது தானாக அடித்தது.

"வந்து சேந்துட்டேன்," என்றாள். பின்னால் தங்கையின் சிரிப்பு கேட்டது. "கறிவேப்பிலை வேணாம்."

"எத்தனை மணிக்குக் கிளம்புவே?"

"பேசி முடிச்சதும்."

வைத்துவிட்டாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.