காய்ச்சல் வராத பிள்ளை

1. மருந்து யன்னலில்

கோமாரி ஊர் டிஸ்பென்சரியில் ஒரு வாரம் பதிலாளாக ரிலீஃப் வேலை பார்த்துவிட்டு, காலை பஸ்ஸில் வந்திறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் ஆஸ்பத்திரியில் கடமைக்கு நின்றேன். மருந்து கலந்து கொடுக்கிற அப்போதிக்கரி வேலையில் அது வழமைதான். மருந்து யன்னலுக்கு முன்னால் கல்முனைக்குடி மீன்காரர்களும் மருதமுனைத் தறிகாரர்களும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையைத் தள்ளிக்கொண்டு என் மனைவி வந்தாள். தோளில் எங்கள் மகள் சுபைதா சாய்ந்திருந்தாள்.

"இஞ்ச பாருங்க, புள்ள நேத்திலிருந்து சோறு வேணாங்கிறா."

வரிசையில் நின்ற ஒரு கிழவர் சிரித்தார். "என்ட ஊட்டுப் புள்ளயளும் அப்பிடித்தான் மகள். அதுக்கும் ஒரு மருந்து வந்திரிக்கா, ஐயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுபைதாவுக்குச் சிறுநீரக நோய். உடம்பெல்லாம் நீர் கோத்து, கண் திறக்க முடியாமல் கிடந்தவள். கொழும்பில் பெரிய டொக்டர் பிரெட்னிசொலோன் என்ற புதுக் குளிசையைத் தொடங்கிய பிறகுதான் நீர் வற்றியது. அந்தக் குளிசை பசியைக் கிளப்பும். உப்பில்லாத சோற்றையே சட்டியோடு கேட்கிற பிள்ளையாகிவிட்டாள். அவள் சோறு வேண்டாம் என்கிறாள்.

தேமாமீட்டரை அக்குளில் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. நெற்றியும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. நாடியைப் பிடித்தேன். அது ஓடிய ஓட்டத்துக்கு விரல் நிற்கவில்லை.

"எங்க மகள் நோகுது?"

"நோகல்ல வாப்பா."

முக்காட்டை விலக்கினேன். நான் போகும்போது வெறுமையாக இருந்த இரண்டு காதிலும் தங்கக் கம்பி இருந்தது.

2. காதுகுத்து

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறவன். வீடு மனைவியுடையது. காதுகுத்து, விருந்து எல்லாம் மனைவியின் குடும்பத்தார் பேசி முடிப்பது. நான் கோமாரியில் நின்ற அந்த வாரம் என் மனைவியின் அக்கா பல்கீஸ் வந்திருக்கிறாள். நீர் கோத்துக் கிடந்தபோது அவள் பார்த்த சுபைதாவின் முகம் இப்போது கண் தெளிந்து, உருண்டு, கன்னம் பொங்கி இருந்தது.

"மாஷா அல்லாஹ், எப்பிடிக் கொழுத்திருக்கா! புள்ளைக்குச் சுகம் வந்தா காது குத்திச் சோறாக்கிக் குடுக்கிறண்டு நேந்து நிய்யத்து வச்சதல்லோ? என்ட மகளுக்கும் சேத்தே குத்துவம். மச்சான் வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்."

அந்தக் கன்னம் குளிசை போட்ட கன்னம். நோய் போன கன்னமல்ல. அது அவர்களுக்குத் தெரியாது. கொழும்பில் சொன்னபடி, கூட்டத்துக்குள் விடாதீர்கள், சின்னமுத்து அம்மை வந்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அதை அவர்கள் ஒழுங்காகக் கேட்டார்கள். காது குத்துவது நோய்ச் சங்கதி என்று யாரும் நினைக்கவில்லை.

நகைப் பத்தர் வந்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஊசியால் குத்தினார். அடுத்த நாள் பல்கீஸின் மகளுக்குக் காது சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தது. அவள் கத்திய கத்தலில் அயல் வீடெல்லாம் வந்து மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசினார்கள். சுபைதா அழவில்லை. அவள் காது சிவக்கவும் இல்லை.

"சுபைதாவப் பாரு, எவ்வளவு கெட்டிக்காரி! நீ ஏண்டி இந்தக் கத்துக் கத்துற?" என்று பல்கீஸ் தன் மகளை ஏசினாளாம்.

கத்தியவள் அந்த வாரமே சுகப்பட்டு விளையாடப் போய்விட்டாள்.

3. டொக்டர் அழுத்திய இடம்

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கடுகடுப்பானவர். சுபைதாவைக் கட்டிலில் வைத்ததும் நான், "காய்ச்சல் இல்ல சேர்," என்றேன்.

"காய்ச்சல் இல்லாதது தானே ஐசே பயம்."

இடது காதின் பின்னால் விரலை வைத்தார். தோலின் நிறம் மாறவில்லை. பிசைந்த மாவைப் போலக் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். மெல்ல அழுத்தினார். கம்பி போன துவாரத்திலிருந்து சீழ் வந்தது. கழுத்துப் பக்கம் விரலை இறக்கி அழுத்தினார். இன்னும் வந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. என் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள், வேறு யாருடைய காதையோ பார்க்கிற மாதிரி.

எத்தனையோ புண்களைக் கழுவிக் கட்டியவன் நான். சீழுக்குக் கிண்ணத்தை நீட்ட மறந்து நின்றேன். பக்கத்தில் நின்ற தாதி மிஸி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சிவப்பு, வீக்கம், நோவு, காய்ச்சல், எல்லாம் உடம்பு கிருமியோட சண்டை பிடிக்கிற சத்தம்," என்றார் டொக்டர். "இந்தக் குளிசை சண்டையை நிப்பாட்டும். கிருமியை நிப்பாட்டாது. உள்ளுக்கை இரத்தத்திலயும் ஏறியிருக்கும். பெனிசிலின் எடும்."

4. அந்தக் குளிசை

வாட்டுக்கு வெளியே பல்கீஸ் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மச்சான், அந்தக் குளிசையத் தூக்கி வீசுங்க. அதாலதானே எல்லாம்?"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. உள்ளே போய், "சேர், குளிசையை நிப்பாட்டட்டா?" என்று கேட்டேன்.

டொக்டர் திரும்பிப் பார்த்தார். "நிப்பாட்டினால் நாளைக்குப் பிள்ளை இராது. ஆபத்து நேரத்தில் உடம்பைத் தாங்கிறதுக்கு உள்ளுக்கை ஒரு சரக்கு ஊறும். இவ்வளவு காலம் குளிசை குடிச்ச பிள்ளைக்கு அது ஊறாது. குளிசைதான் இப்ப தாங்குது. கூட்டித்தான் குடுக்க வேணும். நீரே குடும்."

என் மகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்த அதே குளிசையை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் அவள் வாயில் வைத்தேன். என் வேலைக் காலத்தில் கை கூசிய மருந்து அது ஒன்றுதான். விழுங்கினாள். பிறகு பெனிசிலின் ஊசி. ஊசி குத்தினாலும் முனகவில்லை. முனகமாட்டாளா என்று நானும் என் மனைவியும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாட்கள் அப்படியே போயின. இரண்டு தரம் நாடி கைக்கு எட்டாமல் போனது. காய்ச்சல் குறைந்ததா என்று பார்த்து ஆறுதலடையவும் வழியில்லை, அது ஏறவேயில்லை. கட்டுப் போட்ட பக்கத்தில் சீழ் குறைந்துவிட்டது என்று மிஸி சொன்ன அன்று, சுபைதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, பசிக்குது. உப்புப் போட்ட மீனாணம் வேணும்."

"உப்புப் போடேலா மகள்."

"அப்ப கோபம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட பக்கம் நொந்திருக்க வேண்டும். "ஆ!" என்று கத்தினாள். என் மனைவி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அழத் தொடங்கினாள். பிள்ளை நோகிறது என்று கத்த, தாய் புகழ் சொல்கிறாளே என்று பக்கத்துக் கட்டில்காரி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

5. இறக்காமத்துக்காரர்

இடது காது இன்று சுருங்கிப்போய்த்தான் இருக்கிறது. இன்னும் என் கை தானாக அவள் காதின் பின்பக்கம் போகிறது. அவள் தட்டிவிடுகிறாள்.

மருந்து யன்னலில் நிற்க வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் குளிசையைக் கொடுக்கும்போது, சாப்பாட்டுக்குப் பிறகு என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். போன மாதம் இறக்காமத்து வயல்காரர் ஒருவர் மகனுக்காக அதே குளிசைக்கு வந்தார். நான் வரிசையை நிறுத்திவைத்துச் சொன்னேன்:

"முகம் கொழுக்கும், அது சுகமில்ல. காய்ச்சல் வராது, அதுவும் சுகமில்ல. குத்துற வெட்டுற வேலை எதுவெண்டாலும் இஞ்ச கேக்காமச் செய்யாதீங்க. முள்ளுக் குத்தினாலும் கொண்டுவாங்க. புள்ள சோறு வேணாமெண்டா, சோம்பிப் படுத்தா, அண்டைக்கே வாங்க. குளிசைய நீங்களா நிப்பாட்டவும் வேணாம்."

"காய்ச்சல் இல்லாத புள்ளைய அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தா ஊரு சிரிக்கும் ஐயா."

"உங்கட வயலுக்கு ஆனை வாறது எப்பிடித் தெரியும்?"

"நாய் குரைக்கும்."

"இந்தக் குளிசை அந்த நாய்ர வாயக் கட்டிப்போடும். ஆனை வரும்."

அவர் குளிசைப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அப்ப நாய் சும்மா கிடக்கெண்டு நான் நித்திரை கொள்ளேலா."

"ஓம். கொள்ளேலா."

நாலடி போனவர் திரும்பி வந்தார். "இதெல்லாம் உங்களுக்கு ஆரு ஐயா படிப்பிச்ச? கொழும்பிலயா?"

என் மகள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு கையை நீட்டி அடுத்தவரின் மருந்துத் துண்டை வாங்கினேன்.